பகிர்வா, பொதுவா? ஒரு நூலகத்தின் பெயர்க் கதை

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் நின்று ‘ஜூஜியாவ் நிலையத்துக்கு எப்படிப் போவது?’ என்று கேட்டால் பலரும் தயங்குவார்கள். ‘தேக்கா’ என்று கேட்டால் உடனே கை நீளும். இரண்டும் ஒரே பெயர்தான். ஹொக்கியன் பேச்சில் ‘தெக் கியா கா’ என்றால் மூங்கிலடி. அது தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லோர் வாயிலும் தேய்ந்து தேக்கா ஆயிற்று. பழைய சந்தை சாலையின் எதிர்ப்புறத்துக்கு இடம் மாறி 1982இல் புதுக் கட்டடத்துக்கு வந்தபோது, அதே மூங்கிலடியை மாண்டரின் உச்சரிப்பில் ‘ஜூஜியாவ்’ என்று பலகையில் எழுதினார்கள். பொருளில் குறையில்லை. ஆனால் மக்கள் நாக்கு அதை ஏற்கவில்லை. 2000இல் கட்டடத்தின் பெயர் மறுபடி தேக்கா நிலையம் ஆனது.

பெயர் நிலைக்க இரண்டு வேண்டும் என்று அந்தப் பலகை சொல்கிறது. பொருள் பொருந்த வேண்டும். வாய்க்கும் பழகியிருக்க வேண்டும்.

அதே தேக்காவின் உணவங்காடியில்தான் இந்தக் கட்டுரைக்கான கேள்வி பிறந்தது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகள் மடிக்கணினியைத் திறந்துவைத்திருந்தாள். சி மொழியில் சிறிய செயற்கூறு ஒன்று எழுதியிருந்தாள். தமிழ்ச் சொல் ஒன்றைக் கொடுத்தால் அதில் எத்தனை எழுத்து என்று எண்ணிச் சொல்லும். கேட்க எளிது, செய்யக் கடினம். ‘சிங்கப்பூர்’ என்பது நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் அது 11 குறியெண். யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 33 பைட்டு. சி மொழியின் வழக்கமான நீளங்காணும் செயற்கூறு 33 என்றே சொல்லும். அவளுடையது ஆறு என்று சொன்னது.

அதை லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் ‘ஷேர்ட் லைப்ரரி’யாக ஆக்கிவிட்டாள். தமிழ் மாணவர்களுக்கான கருவி என்பதால் விளக்கக் குறிப்பையும் தமிழில் எழுத நினைத்தாள். “மாமா, ஷேர்ட் லைப்ரரிக்குத் தமிழ்ல என்ன எழுதறது? ‘பகிரப்பட்ட நூலகம்’னு போட்டுப் பார்த்தேன். ஏதோ ஒட்டலை” என்றாள்.

ஏன் ஒட்டவில்லை என்று தேடப் போனேன். வழியில் கேம்பிரிட்ஜின் ஓர் அலமாரியையும், தொல்காப்பியத்தின் ஒரு நூற்பாவையும், சிங்கப்பூர் ஆற்றங்கரைக் கிடங்குகளையும் பார்க்க நேர்ந்தது.

நாடாக்கள் இருந்த அலமாரி

கணினித் துறைக்குள் ‘லைப்ரரி’ என்ற சொல் உவமையாக நுழைந்தது என்றே பலரும் நினைப்போம். அது நிஜ நூலகமாகவே நுழைந்தது.

1949 மே 6 அன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்ற கணினி முதன்முதலாக ஓடியது. அதற்கு நிரல் எழுதியவர்கள் ஒன்றைச் சீக்கிரமே உணர்ந்தார்கள். வர்க்கமூலம் காண்பதும் விடையை அச்சிடுவதும் எல்லோருக்கும் தேவை. ஒவ்வொருவரும் புதிதாக எழுதினால் ஒவ்வொருவரும் புதிதாகப் பிழை செய்வார்கள். ஆகவே சோதித்துத் தேறிய துணைநிரல்களைத் துளையிட்ட காகித நாடாக்களில் பதித்து ஓர் அலமாரியில் அடுக்கினார்கள். வேண்டியவர் போய் நாடாவை எடுப்பார். படியெடுக்கும் கருவியில் அதன் துளைகளைத் தம் நாடாவில் பதித்துக்கொள்வார். மூல நாடாவைத் திரும்ப அலமாரியில் வைப்பார். 1951இல் அங்கே 87 துணைநிரல்கள் இருந்தன. அந்த ஆண்டே மாரிஸ் வில்க்ஸ், டேவிட் வீலர், ஸ்டான்லி கில் மூவரும் எழுதிய புத்தகம் வெளிவந்தது. நிரலாக்கத்தைப் பற்றிய முதல் பாடநூல் என்று போற்றப்படும் அதன் தலைப்பிலேயே துணைநிரல் நூலகம் இடம்பெற்றது.

அதற்கும் முன்பே, 1947இல், அமெரிக்காவில் ஜான் மாக்லி இதே தேவையைப் பற்றி எழுதியிருந்தார். நாடாப் பட்டியலிலிருந்து தேர்ந்த துணைநிரல்களை நிரலோடு சேர்த்து ஏற்ற வேண்டும், சேரும்போது அவற்றின் முகவரிகளை இடத்துக்கேற்ப மாற்ற வேண்டும் என்பது அவர் கருத்து. இன்று நாம் பிணைத்தல் என்று சொல்லும் வேலையின் வித்து அது.

‘கம்பைலர்’ என்ற பெயரும் அந்த அலமாரியிலிருந்துதான் வந்தது. 1952 அளவில் கிரேஸ் ஹாப்பர் யூனிவாக் கணினிக்காக ஏ-0 என்ற ஏற்பாட்டைச் செய்தார். ஒவ்வொரு துணைநிரலுக்கும் ஓர் அழைப்புச்சொல். அழைப்புச்சொற்களை வரிசையாகக் கொடுத்தால், இயந்திரம் நூலக நாடாவில் தேடி எடுத்து ஒன்றாகத் தொகுத்துவிடும். நூலகத்திலிருந்து எடுத்துச் சேர்ப்பதால்தான் தொகுப்பான் என்று பெயர் வந்தது, அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை என்று பிற்காலத்தில் அவரே விளக்கினார்.

தொகுத்தோனும் தொகுப்பித்தோனும்

தமிழில் கம்பைலரைத் ‘தொகுப்பி’ என்கிறோம். ‘நிரல்பெயர்ப்பி’, ‘மொழிமாற்றி’ என்று எழுதுவோரும் உண்டு. எது சரி என்ற வாதம் நெடுநாளாக நடக்கிறது. வாதிடும் இரு தரப்பும் ஒரே இலக்கண நூற்பாவின் இரு முனைகளைப் பிடித்து இழுக்கிறார்கள் என்பதுதான் எனக்கு வியப்பு.

தொல்காப்பிய மரபியல் வழிநூலை நான்கு வகையாக்குகிறது: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு. முதல்நூல் ஒன்று இருக்கிறது. அதை அடியொற்றிப் பிறக்கும் நூல் இந்த நான்கில் ஒரு வழியில் பிறக்கும். கணினிக்குள் நடப்பதும் வழிநூல் ஆக்கம்தான். மனிதர் எழுதிய மூலநிரல் முதல்நூல், இயந்திரம் ஓட்டும் கோப்பு வழிநூல்.

ஹாப்பரின் ஏ-0 செய்தது தொகுத்தல். 1957இல் ஃபோர்ட்ரான் வந்தபோது வேலை மாறிவிட்டது. மனிதர் வாசிக்கும் சூத்திரத்தை இயந்திரக் கட்டளைகளாக மாற்றுவது மொழிபெயர்ப்பு. வேலை மாறிய பிறகும் பெயர் மாறவில்லை. 1972 வாக்கில் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி சி மொழியை உருவாக்கியபோது பிரிவினை தெளிவாக இருந்தது. கம்பைலர் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாக மொழிபெயர்க்கும். அப்படிப் பிறந்த துண்டுகளையும் நூலகத்தில் உள்ளவற்றையும் சேர்ப்பது லிங்கர். ஆக, பழைய பொருளில் உண்மையான தொகுப்பி இன்றைய லிங்கர்தான். அதைத் தமிழில் ‘பிணைப்பி’ என்றோ ‘இணைப்பி’ என்றோ சொல்கிறோம்.

தமிழ் இங்கே ஆங்கிலத்தைவிட ஒரு படி நுட்பமானது. சங்கத் தொகைநூல்களுக்குத் தொகுத்தவர் ஒருவர், தொகுப்பித்தவர் இன்னொருவர். அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர், தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார், தொகுப்பித்தவன் சேரன் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. வேலையைச் செய்தவரையும் செய்யச் சொன்னவரையும் ஒரே வேர்ச்சொல்லால் பிரித்துக் காட்டும் மொழி இது. கட்டளை தட்டும் என் மருமகள் தொகுப்பித்தோள். அவள் சொன்னதைச் செய்யும் மென்பொருள் தொகுப்பி.

நான்கு மொழிகளில் ஒரு களஞ்சியம்

சிங்கப்பூரில் வாழ்வோருக்கு ஒரு பேறு உண்டு. எந்தச் சொல்லையும் நான்கு ஆட்சிமொழிகளில் பக்கம்பக்கமாக வைத்துப் பார்க்கலாம். லைப்ரரியையும் அப்படிப் பார்த்தேன்.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன் ‘லிபர்’. மரத்தின் உட்பட்டைக்கும் புத்தகத்துக்கும் அதுவே பெயர். பட்டையில் எழுதிய காலத்தின் எச்சம். மலாயில் நூலகம் ‘பெர்புஸ்தாகாஆன்’. நடுவில் இருக்கும் ‘புஸ்தாகா’ நம் ‘புத்தக’த்தின் உடன்பிறப்பு, இரண்டும் வடமொழியிலிருந்து கிளைத்தவை. கணினி எழுத்திலும் அந்தப் புஸ்தாகாவே நிற்கிறது.

சீனம் மட்டும் வழி மாறுகிறது. புத்தகம் இருக்கும் இடம் ‘தூஷூகுவான்’. நிரல்கள் இருக்கும் இடத்துக்கு அந்தப் பெயர் இல்லை. அது ‘கூ’. கூ என்றால் கிடங்கு. அந்த எழுத்தின் பழைய வடிவில் கூரைக்கடியில் ஒரு தேர் நிற்கும். போர்த்தேர்களையும் ஆயுதங்களையும் வைத்த கொட்டகை அது. சீன நிரலாளருக்குத் துணைநிரல் என்பது வாசிக்கும் நூலல்ல, எடுத்துப் பயன்படுத்தும் கருவி.

நாமும் அப்படிக் ‘கிடங்கு’ என்று வைத்திருக்கலாமே என்று எண்ணத் தோன்றும். அந்தச் சொல்லுக்குச் சிங்கப்பூரில் தனி உரிமையும் உண்டு. ஆற்றங்கரையில் வரிசையாக நின்ற சரக்கு நிலையங்களை ஆங்கிலத்தில் ‘கோடவுன்’ என்றார்கள், மலாயில் ‘குடாங்’ என்றார்கள். இவற்றின் மூலம் தமிழ்க் ‘கிடங்கு’ அல்லது அதன் தெலுங்கு இணைச்சொல் என்பது சொல்லாய்வாளர் பலர் கருத்து. வணிகரோடு கடல் கடந்த சொல். நம் பழைய நூலகப் பெயரிலும் கிடங்கின் சாயல் இருந்தது. இடைக்காலத்தில் கோயில் சுவடிச்சாலையைச் ‘சரசுவதி பண்டாரம்’ என்றார்கள். பண்டாரம் என்றால் பொருள்வைப்பறை.

ஆனாலும் தமிழ் ‘நூலகம்’ என்ற சொல்லையே எடுத்துக்கொண்டது. அது நல்ல தேர்வு என்பேன். நூல் என்றால் புத்தகம் மட்டுமில்லை, இழையும்தான். ஏடும் இழையும் ஏன் ஒரே பெயரைத் தாங்குகின்றன என்பதற்கு நன்னூல் பாயிரமே காரணம் காட்டுகிறது. சொல் பஞ்சு, புலவர் நூற்கும் பெண், விளைவது நூல். தச்சர் மரத்தின் கோணலை நிமிர்த்தக் கட்டும் கயிற்றையும் அது உவமையாக்குகிறது. சி நிரலிலும் இதே இரண்டும் உண்டு. சிதறிய துண்டுகள் ஓர் இழையில் கோக்கப்படுகின்றன. ஒருவர் சரிபார்த்து வைத்த அளவுநூலை மற்றவர் தம் வேலையின் கோணல் தீரப் பயன்படுத்துகிறார்.

கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் ‘நிரலகம்’ என்றும் எழுதுகிறார்கள். செப்பமாக அமைந்த சொல், அதற்கு என் மறுப்பு இல்லை. ஆனால் நிரலகம் என்னும்போது நிரல் இருக்கும் இடம் மட்டுமே தெரிகிறது. நூலகம் என்னும்போது எடுத்தல், திரும்ப வைத்தல், பலருக்கும் பயன்படல் ஆகிய பழக்கங்களும் கூடவே வருகின்றன. அந்தப் பழக்கங்கள்தான் நம் கேள்விக்கு விடை தரப்போகின்றன.

எடுத்துச்செல்வதும் அங்கேயே படிப்பதும்

விக்டோரியா சாலையில் 2005 முதல் நிற்கும் தேசிய நூலகக் கட்டடத்துக்குப் போனவர்களுக்கு ஒன்று தெரியும். கீழ்த்தளத்தில் இருப்பது மத்திய பொது நூலகம். அங்கே புத்தகத்தை இரவல் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகலாம். மேல்தளங்களில் இருப்பது லீ கோங் சியான் மேற்கோள் நூலகம். அங்குள்ள நூலை அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும்.

சி நிரலுக்கும் இரு வகை நூலகம் உண்டு. ஒன்று நிலைநூலகம். லினக்ஸிலும் மேக்கிலும் அதன் கோப்புப் பெயர் ‘.ஏ’ என்று முடியும். ‘ஆர்க்கைவ்’, அதாவது ஆவணக்கட்டு, என்பதன் முதலெழுத்து. பிணைக்கும்போது தேவையான செயற்கூறுகளின் படி நிரலுக்குள்ளேயே போய்விடும். கேம்பிரிட்ஜில் நாடாவைப் படியெடுத்த அதே முறை. நூறு நிரல்கள் ஒரே செயற்கூறைப் பயன்படுத்தினால் நூறு படிகள். மூலத்தில் பிழை திருத்தினால் நூறையும் மறுபடி பிணைக்க வேண்டும்.

மற்றொன்றுதான் ஷேர்ட் லைப்ரரி. பிணைக்கும்போது படி எதுவும் எடுப்பதில்லை. ‘இந்த நூலகத்தில் இந்தப் பெயருள்ள செயற்கூறு எனக்கு வேண்டும்’ என்ற குறிப்பு மட்டும் நிரலில் பதியும். நிரல் ஓடத் தொடங்கும்போது இயங்குதளம் நூலகக் கோப்பைத் தேடி நினைவகத்தில் விரிக்கும். அடுத்த நிரல் அதையே கேட்டால் மறுபடி ஏற்றுவதில்லை. ஏற்கெனவே இருக்கும் பக்கங்களையே அதற்கும் காட்டும். ஒரே நூல், பல வாசகர்கள். ஒவ்வொரு வாசகரும் எழுதும் குறிப்பு மட்டும் அவரவர் ஏட்டில். கட்டளைப் பகுதி எல்லோருக்கும் ஒன்று, மாறும் தரவு ஒவ்வொரு நிரலுக்கும் தனி.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எந்த மேசையில் விரித்தாலும் நூல் பொருள்பட வேண்டும். ‘நான்காவது மேசையின் இடது மூலையைப் பார்’ என்று நூலில் எழுதியிருந்தால் ஐந்தாவது மேசைக்காரர் குழம்பிப்போவார். ‘இங்கிருந்து மூன்று பக்கம் தள்ளிப் பார்’ என்று எழுதியிருந்தால் எங்கும் பொருந்தும். அதனால்தான் லினக்ஸில் ஜிசிசி என்ற கம்பைலரிடம் ‘எஃப்பிக்’ என்ற விருப்பத்தைக் கொடுத்து, இடத்தைச் சாராத கட்டளைகளாக மொழிபெயர்க்கச் சொல்கிறோம். பிறகு ‘ஷேர்ட்’ என்ற விருப்பத்தோடு பிணைக்கச் சொல்கிறோம். விளையும் கோப்பு ‘லிப்’ என்று தொடங்கி ‘.எஸ்ஓ’ என்று முடியும்.

மேக்கில் விருப்பத்தின் பெயர் ‘டைனமிக்லிப்’, கோப்பின் முடிவு ‘.டைலிப்’. செயற்கூறின் பெயருக்கு முன்னால் கம்பைலர் தானாக ஓர் அடிக்கோட்டைச் சேர்த்துக்கொள்ளும். தன்னை எங்கே தேட வேண்டும் என்ற முகவரியையும் நூலகம் தன்னுள்ளேயே எழுதிவைத்திருக்கும்.

விண்டோஸில் வழக்கம் வேறு. லினக்ஸில், மறைக்கச் சொன்னாலொழிய, எல்லாச் செயற்கூறும் வெளியாருக்குத் தெரியும். திறந்த அலமாரி போல. விண்டோஸில் வெளியிட வேண்டியவற்றை நாமே அறிவிக்க வேண்டும். அறிவிக்காதவை பூட்டிய அறையில் இருக்கும். பிணைத்து முடித்தால் பொதுவாக இரண்டு கோப்புகள் கிடைக்கும். ‘.டிஎல்எல்’ என்பது நூலகம். கூடவே வரும் சிறிய ‘.லிப்’ அதன் பட்டியல் அட்டை. மற்றவர்கள் தம் நிரலைப் பிணைக்கும்போது பார்ப்பது அந்த அட்டையைத்தான். முதன்முறை என் மருமகளின் செயற்கூறு விண்டோஸில் கிடைக்காமல் போனதற்கு அறிவிப்பு விடுபட்டதே காரணம். எண்ணும் முறையில் பிழை இல்லை.

மூன்று இயங்குதளங்களும் ஒரே பொருளின் வெவ்வேறு பண்பைப் பெயராக்கியிருக்கின்றன. ‘.எஸ்ஓ’வின் விரிவு ‘ஷேர்ட் ஆப்ஜெக்ட்’. பலருக்கும் பயன்படுவதை அது சொல்கிறது. ‘.டைலிப்’ ஓடும்போது இயங்குவதைச் சொல்கிறது. ‘.டிஎல்எல்’ என்ற ‘டைனமிக் லிங்க் லைப்ரரி’ ஓடும்போது பிணைவதைச் சொல்கிறது. 1985இல் வந்த விண்டோஸின் முதல் பதிப்பே இந்த முறையில் கட்டப்பட்டது. யுனிக்ஸ் உலகில் 1988இன் சன்ஓஎஸ் 4.0 இதைப் பரவலாக்கியது. ஓடும்போது பிணைக்கும் எண்ணம் அதற்கும் முந்தியது. 1960களின் மல்டிக்ஸ் இயங்குதளத்திலேயே அது இருந்தது.

பகு என்னும் வேர்

ஆங்கில ‘ஷேர்’ வெட்டுவதிலிருந்து பிறந்த சொல். பழைய ஆங்கிலத்தில் அதன் மூதாதைக்கு வெட்டு, பிரிவு என்று பொருள். நிலத்தைப் பிளக்கும் கலப்பைக் கொழுவுக்கும் ஆங்கிலத்தில் அதே ஒலிப்புள்ள சொல்தான். இரண்டும் வெட்டுதல் என்ற ஒரே வேரின் கிளைகள்.

தமிழ்ப் ‘பகிர்’ அதன் சரியான எதிரொலி. ‘பகு’ என்றால் பிரி. பகுதி, பகுப்பு, பாதி, பாத்தி, பால் எல்லாம் அந்தக் குடும்பம். ஒரு கனியைப் பகிர்ந்தால் ஆளுக்கு ஒரு துண்டு. நிலத்தைப் பகிர்ந்தால் இடையில் வரப்பு. பகிரும்தோறும் ஒருவர் கையில் இருப்பது குறையும். பகுத்துண்ணலை நம் அறநூல்கள் இவ்வளவு உயர்த்திச் சொல்வதன் காரணமே அதுதான். தன் பங்கு குறையும் என்று தெரிந்தும் கொடுப்பது அறம்.

என் மருமகள் உடனே மறுத்தாள். “இப்ப ஃபோன்ல படம் பகிர்றோமே, எனக்குக் குறையலையே?” நேர்மையான மறுப்பு. சொற்களின் பொருள் வளரும், பகிர்தலின் பொருளும் வளர்ந்துவிட்டது. ஆனால் படத்தைப் பகிரும்போது என்ன நடக்கிறது? பத்துப் பேருக்கு அனுப்பினால் பத்துப் பேர் கையிலும் ஒவ்வொரு படி. அது நிலைநூலகத்தின் இயல்பு. ஷேர்ட் லைப்ரரியில் துண்டும் இல்லை, படியும் இல்லை. பழைய பொருளிலும் புதிய பொருளிலும் ‘பகிர்’ அங்கே பொருந்தவில்லை. அவளுக்கு ஒட்டாமல் போனதன் காரணம் இதுதான்.

பிரிக்காமல், படியெடுக்காமல், முழுமையாக எல்லோருக்கும் உரியதாக இருப்பதைத் தமிழ் வெகுகாலமாக ஒரே சொல்லால் சொல்லிவருகிறது. பொது.

ஊர்ப் பொதுக்கிணறு யாருக்கும் பங்கு பிரித்துத் தரப்படுவதில்லை. சங்கத் தமிழில் ஊரார் கூடும் மன்றத்துக்குப் ‘பொதியில்’ என்று பெயர். பொதுவான இல். தில்லைக் கூத்தன் ஆடும் அம்பலத்தையும் பக்தி மரபு ‘பொது’ என்றே அழைக்கிறது. ஆட்டம் ஒன்று, காண்போர் எத்தனை பேராயினும் ஒவ்வொருவருக்கும் அது முழு ஆட்டம். நினைவகத்தில் ஒருமுறை விரிந்து எத்தனையோ நிரல்களுக்கு ஒரே நேரத்தில் முழுமையாகப் பயன்படும் கோப்புக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. ஷேர்ட் லைப்ரரி என்பது பொது நூலகம்.

பங்கிலிருந்து பொதுவுக்கு

சிங்கப்பூர் நூலகத்தின் வரலாறே பங்கிலிருந்து பொதுவுக்கு நடந்த பயணம்தான். 1840களின் நடுவில் தொடங்கிய சிங்கப்பூர் நூலகம் பங்குதாரர்களுடையது. பணம் கட்டியவர்களே உள்ளே போகலாம். 1874இல் அரசு அதை ஏற்று ராஃபிள்ஸ் நூலகம் ஆக்கியது. அப்போதும் சந்தா தொடர்ந்தது. மேற்கோள் நூலகம் இன்று பெயர் தாங்கும் லீ கோங் சியான் 1953இல் 375,000 வெள்ளி தர முன்வந்தபோது நிபந்தனையும் வைத்தார். நூலகம் கட்டணமின்றி எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும், இந்த மண்ணின் மொழிகளுக்கும் அதில் இடம் வேண்டும். ஸ்டாம்ஃபர்டு சாலையின் சிவப்புச் செங்கல் கட்டடம் 1960 நவம்பர் 12 அன்று திறக்கப்பட்டது. பங்குகளின் கூட்டாகத் தொடங்கியது பொதுவாக மாற நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த மாற்றத்தால்தான் தமிழ் நூல்களும் அங்கே இடம்பெற்றன.

கணினித் தமிழும் இதே வழியில் நடந்தது. அதன் முதல் அடிகளில் சில இந்த ஊரில்தான் விழுந்தன. 1995 அக்டோபரில் அதிபர் ஓங் தெங் சியோங் சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பு ஒன்றை நான்கு மொழிகளிலும் இணையத்தில் தொடங்கிவைத்தார். அதில் தமிழ் திரையேறப் பாடுபட்டவர் தேசியக் கல்விக் கழகத்தின் நா. கோவிந்தசாமி. அவர் உருவாக்கிய முறைக்குக் ‘கணியன்’ என்று பெயர். புறநானூற்றுக் கணியன் பூங்குன்றனாரையும் கணினியையும் ஒருசேர நினைவூட்டும் பெயர்.

அக்காலத்தில் ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் எழுத்துரு, ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒரு குறியீட்டு முறை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்க அவருடைய எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டும். நிலைநூலகம் போல, தமிழ் தன் படியைத் தானே சுமந்து திரிந்தது. 1997 மே மாதம் சிங்கப்பூரில் கூடிய மாநாட்டில் ஒரு பொதுக் குறியீட்டுக்கான பேச்சு வலுத்தது. 2000 ஜூலையில் இங்கே மறுபடி கூடியபோது உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் பிறந்தது. கோவிந்தசாமி அதைப் பார்க்கவில்லை. 1999இல் மறைந்துவிட்டார்.

அதே 2000இல் விண்டோஸ் 2000 யூனிகோடு தமிழோடு வெளிவந்தது. அதில் தமிழ் எழுத்துகளைக் கோத்துக் காட்டிய யூனிஸ்கிரைப் ஒரு டிஎல்எல், ஒரு பொது நூலகம். ‘கொ’ என்று எழுதினால் நினைவகத்தில் ககரம் முதலிலும் உயிர்க்குறி பின்னாலும் இருக்கும். திரையில் ஒற்றைக்கொம்பு முன்னால் வர வேண்டும், கால் பின்னால் வர வேண்டும். அந்த இடமாற்றத்தை ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனியாகச் செய்யாமல் ஒரு நூலகம் எல்லாவற்றுக்கும் செய்தது. இன்று ஆண்ட்ராய்டிலும் குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் அதைச் செய்வது ஹார்ஃப்பஸ். ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபாபோத் வைத்த பெயர் அது. பாரசீகத்தில் ‘ஹர்ஃப்’ எழுத்து, ‘பாஸ்’ திறந்தது. ‘ஓப்பன்டைப்’ என்ற எழுத்துரு முறையின் பெயரைத் தன் தாய்மொழிக்குப் பெயர்த்துவிட்டார். தேக்காவில் தொடர்வண்டிக்குக் காத்திருப்பவர் கைப்பேசியில் தமிழ் முரசு நாளிதழை வாசிக்கிறார் என்றால், அந்த எழுத்துகளைக் கோப்பது ஒரு பொது நூலகம். அதே நூலகம் அடுத்த இருக்கைக்காரரின் கைப்பேசியில் அரபியைக் கோத்துக்கொண்டிருக்கலாம்.

பொதுவாக இருப்பதற்குப் பொறுப்பும் உண்டு. பலர் நம்பியிருக்கும் நூலின் பக்கங்களை நினைத்தபடி மாற்ற முடியாது. லினக்ஸின் அடிப்படை சி நூலகம் ‘லிப்சி.எஸ்ஓ.6’ என்ற பெயரை 1997 முதல் மாற்றாமல் வைத்திருக்கிறது. உள்ளே எவ்வளவோ வளர்ந்துவிட்டது. அன்று பிணைத்த நிரல் கேட்கும் பெயருக்கு அது இன்றும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. பங்குதாரர் தம் பங்கை விற்றுவிட்டுப் போகலாம். பொதுவைக் காப்பவர் அப்படிப் போக முடியாது.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது தேநீர் ஆறிப்போயிருந்தது. “ஆனா மாமா, ‘பொது நூலகம்’னா எல்லாரும் அங் மோ கியோ லைப்ரரியை நினைச்சுப்பாங்களே?” என்றாள் அவள்.

நினைக்கட்டும். சிறுவயதில் அட்டையை நீட்டிப் புத்தகம் எடுத்த அந்த வாசலையே நினைக்கட்டும். யாரோ எழுதிவைத்ததை யாரும் திறந்து பயன்படுத்தலாம், அதனால் அது யாருக்கும் குறைவதில்லை என்ற பாடத்தை இந்த ஊர்ப் பிள்ளைகள் அங்கேதான் முதலில் கற்கிறார்கள். அந்த நினைவோடு சி நிரலுக்குள் நுழையும் மாணவருக்குப் பாதி விளக்கம் தேவையில்லை. பொருள் பொருந்துகிறது, வாய்க்கும் பழகியிருக்கிறது. தேக்காவின் பலகை கேட்ட இரண்டும் இதில் உண்டு.

அவள் விளக்கக் குறிப்பின் முதல் வரியை அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டினாள்: ‘எழுத்தெண்ணி. தமிழ்ச் சொற்களின் எழுத்துகளை எண்ணும் பொது நூலகம்.’ பிறகு ‘பொது’ என்ற சொல்லையே அதனிடம் கொடுத்துப் பார்த்தாள். இரண்டு என்றது.